10-க்கு 10 அறையில் ஸ்பீக்கரை எங்கே வைப்பது? மூலையில் வைத்தால் சுவர் அதிரும், வசனம் புரியாது

பண்ருட்டி:

கடையில் கணீரென்று பாடிய ஹோம் தியேட்டர், வீட்டுக்கு வந்ததும் 'தொம் தொம்' என்று அடிக்கிறதா? செட்டு மேல் பழி போட வேண்டாம். பண்ருட்டி, நெய்வேலி பக்கம் சின்ன வீடுகளில் டிவி இருக்கும் அறை 10-க்கு 10 அடிதான். கட்டில், பீரோ போக மிச்ச இடத்தில் பெட்டியை திணிப்பதால் வரும் கோளாறு இது.

அதிலும் சதுர அறைதான் ரொம்ப மோசம். ஒலி நொடிக்கு சுமார் 1,130 அடி ஓடும். அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் மூன்று திசையிலும் ஒரே 56 ஹெர்ட்ஸ் ஒலி மோதி மோதி வீங்கும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் காதை அடைக்கும். நட்ட நடுவில் உட்கார்ந்தால் அதே பேஸ் காணாமல் போகும். கட்டிலை சுவரில் இருந்து ஒன்று, இரண்டு அடி தள்ளிப் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

சப்-ஊபரை மூலையில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து சத்தத்தை ஊதிப் பெருக்கும். பீரோ கதவு கிணுகிணுக்கும். நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. பெட்டியை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து பாட்டு போடுங்கள். பிறகு சுவர் ஓரமாக தவழ்ந்து போய் கேளுங்கள். எங்கே பேஸ் சீராக கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை!

முன் ஸ்பீக்கர் இரண்டும் டிவிக்கு இரு பக்கமும் 5 அடி இடைவெளியில் இருக்கட்டும். உட்காரும் இடமும் அதே 5, 6 அடி தூரம். உயரம் காது மட்டம். இடமில்லை என்று பரண் மேல் ஏற்றினால் வசனம் கூரையில் இருந்து வரும். வேறு வழியே இல்லாவிட்டால் பெட்டியை கீழ்நோக்கி சாய்த்து வையுங்கள். பழைய பெட்டி டிவி பக்கத்தில் வைத்தால் காந்தத்தால் கலர் திட்டு விழுந்தது. எல்இடி டிவிக்கு அந்தக் கவலை கிடையாது.

இவ்வளவு சின்ன அறைக்கு 2.1 செட்டே தாராளம். 5.1 வாங்கிவிட்டால் பின் ஸ்பீக்கரை முதுகுக்கு நேராக மாட்டாமல், பக்கவாட்டில் சற்று பின்தள்ளி காதுக்கு மேலே மாட்டலாம். வெற்று சுவர் எதிரொலித்தால் கனமான திரையோ, இலவம்பஞ்சு மெத்தையோ போதும். ஆனால் பேஸை அது அடக்காது.

வயதானவர்கள் 'ஒண்ணும் புரியலையே' என்றால் வால்யூமை ஏற்றாதீர்கள். ஸ்பீக்கரை கிட்டே கொண்டு வாருங்கள். தூரம் பாதியானால் நேரே காதுக்கு வரும் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும், எதிரொலி கூடாது.

பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவரில் மட்டும் ஆணி அடித்து மாட்டவே கூடாது. அதிர்வு அப்படியே அந்தப் பக்கம் இறங்கும். சப்-ஊபர் அடியில் தடித்த ரப்பர் மேட் போடுங்கள். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்பு பகுதிக்கு அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். சொந்த வீட்டு செட்டின் சத்தம் வீட்டு எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2005-ல் உத்தரவிட்டது. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை.