கோவைப் பழைய நகரம்: கோட்டைமேட்டிலிருந்து ஒரு வரலாற்று நடை

கோயம்புத்தூரின் பழைய நகரம் என்பது உக்கடம் பெரியகுளத்துக்கும் இரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியாகும். கோட்டைமேடு, பெரிய கடை வீதி, ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, வெரைட்டி ஹால் சாலை ஆகியன இதில் அடங்கும். காந்திபுரத்திலிருந்து நகரப் பேருந்தில் உக்கடம் சென்று இறங்கினால், வழிகாட்டி எவரும் இன்றி அரை நாளில் நடந்தே பார்த்து முடிக்கலாம். மொத்தத் தூரம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்.

கோவையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, மருதமலையும் பேரூரும் தவிர என்று கேட்பவர்கள் உண்டு. மாணவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். செருமனியின் பவேரியா மாநிலத்தில் பாம்பெர்க் என்றொரு பேராலய நகரம் இருக்கிறது. 1007-இல் இரண்டாம் ஹென்றி அங்கு மறைமாவட்டத்தை நிறுவினார். 1012-இல் முதல் பேராலயம் அர்ச்சிக்கப்பட்டது. குன்றின் மேல் ஆயர் நகரம், ஆற்றுத் தீவில் வணிகர் நகரம், அதற்கு அப்பால் காய்கறி பயிரிடுவோரின் தோட்டக்காரர் நகரம் என மூன்று பகுதிகளாக அது வளர்ந்தது. கையில் ஒரு வரைபடத்துடன் பயணிகள் அதைத் தாமாகவே சுற்றிப் பார்க்கின்றனர். 1993-இல் உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்டது.

கோவையும் அதே போலப் பிரிந்து வளர்ந்த ஊர்தான். கோட்டை ஒரு பக்கம். அதையொட்டி வணிகரும் நெசவாளரும் குடியிருந்த பேட்டை மறுபக்கம். நொய்யல் நீரைத் தேக்கிய குளங்கள் ஓரத்தில். பாம்பெர்க்கில் கட்டடங்கள் நிற்கின்றன. இங்கு பெரும்பாலும் பெயர்கள்தான் நிற்கின்றன. ஆகவே கோவையில் நடப்பவர் கட்டடங்களுக்கு இணையாகத் தெருப் பெயர்ப் பலகைகளையும் படிக்க வேண்டியிருக்கிறது.

கோட்டை இல்லாத கோட்டைமேடு

உக்கடத்தில் இறங்கியதும் முதலில் பெரியகுளக் கரையைப் பார்த்துவிடுவது நல்லது. வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறக்கும் நொய்யலின் நீர் வாய்க்கால்கள் வழியே வந்து இதுபோன்ற குளங்களை நிரப்பியது. குளங்கள் இல்லையெனில் மழை மறைவுப் பகுதியான இந்த இடத்தில் ஊரே இருந்திருக்காது.

அங்கிருந்து கோட்டைமேடு. கோட்டையைத் தேடிச் செல்பவர் ஏமாந்து போவார். மதிலும் இல்லை, அகழியும் இல்லை. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னிந்தியப் போர்களில் அடிக்கடி பேசப்பட்ட கோட்டை இது. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இருப்பதால், மைசூருக்கும் மலபாருக்கும் இடையே படை நகர்த்துவோர் எவருக்கும் இது தேவைப்பட்டது. 1783-இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பிடித்தார். மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கைப்படி திப்புவிடமே திரும்பியது. 1790-இல் ஜெனரல் மெடோஸ் மீண்டும் பிடித்தார்.

1791 முற்றுகை தனியே சொல்லத்தக்கது. லெப்டினன்ட் சால்மர்ஸ் என்ற இளம் அதிகாரி, சிறிய படையுடனும் திருவிதாங்கூர் வீரர்களின் துணையுடனும் கோட்டையைக் காத்துவந்தார். ஆகஸ்டில் மைசூர்ப் படையின் நேரடித் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பின்னர் கமருத்தீன் கான் பெரும் படையுடன் வந்து முற்றுகையிட, நவம்பரில் கோட்டை சரணடைந்தது. சால்மர்ஸ் சீரங்கப்பட்டணத்துக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்டார். 1792 பிப்ரவரியில் காரன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தை நெருக்கியபோது, சமாதானக் கடிதத்துடன் திப்பு அனுப்பியது இதே சால்மர்ஸைத்தான். போருக்குப் பின் கோட்டை இடிக்கப்பட்டது. 1799-இல் திப்பு வீழ்ந்ததும் ஊர் கம்பெனியின் கைக்கு வந்தது. 1804 முதல் கோயம்புத்தூர் மாவட்டத் தலைநகரானது.

இடையில் 1800 ஜூன் 3 என்று ஒரு நாள் இருக்கிறது. கம்பெனிக்கு எதிராகத் திரண்ட பாளையக்காரர் கூட்டணி, கோவையில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்க அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது. அது முகரம் நாள். படையில் இருந்த முஸ்லிம் வீரர்கள் முகரம் சடங்குகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்பது கணக்கு. திட்டம் தோல்வியுற்றது, பிடிபட்டவர்களில் பலர் தூக்கிலிடப்பட்டனர். கொங்குக் கவுண்டர்களும் முஸ்லிம் தலைவர்களும் ஒரே அணியில் நின்ற நிகழ்ச்சி இது. தீரன் சின்னமலையைப் படிக்கும் மாணவர்கள் இதையும் சேர்த்துப் படித்தால் அவருடைய காலம் நன்றாகப் புரியும்.

கோட்டை போன பின்பும் அதன் பெயரைத் தாங்கி நிற்பது கோட்டை சங்கமேசுவரர் கோயில். உள்ளூரில் கோட்டை ஈசுவரன் கோயில் என்பார்கள். கோவையின் பழைய பெயர் ‘கோவன்புத்தூரான வீரகேரள நல்லூர்’ எனக் கல்வெட்டில் வருகிறது. கோவன் என்ற தலைவன் காடு திருத்தி உண்டாக்கிய புத்தூர் என்பது மரபு. கோயிலைச் சுற்றிப் பள்ளிவாசல்களும், தமிழ், உருது, மலையாளம் பேசும் முஸ்லிம் குடும்பங்களின் வீடுகளும் நெருக்கமாக அமைந்துள்ளன.

கோட்டைமேடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வேறொன்றும் நினைவு வரும். 1997 நவம்பரில் நடந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் உயிரிழந்தனர். அதன் பின் பல ஆண்டுகள் கோவைக்காரர்களிலேயே பலர் இந்தத் தெருக்களுக்குள் வராமல் இருந்தார்கள். தம் ஊர் தொடங்கிய இடத்தைக் கண்ணால் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பகலில் இங்கு நடந்து பாருங்கள்: பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், பிரியாணிக் கடைகள், கோயில் வாசலில் பூக்காரர்கள். எந்தத் தெருவையும் போன்ற தெருதான்.

பெரிய கடை வீதியில் ஒரு பேராலயம்

கோட்டைமேட்டிலிருந்து பெரிய கடை வீதிக்கு வந்தால் புனித மைக்கேல் பேராலயம். பாத்திரக் கடை, துணிக் கடை இரைச்சலுக்கு நடுவே, வாசலைத் தாண்டியதும் அமைதி. கோவை மறைமாவட்டத்தின் தலைமை ஆலயம் இதுவே.

இதன் தொடக்கத்தோடு இணைந்த மனிதர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக். 1813-இல் பிரான்சில் பிறந்து, பாரிசு வெளிநாட்டு மறைபணிச் சபையின் குருவாக 1842-இல் புதுச்சேரிக்கு வந்தார். 1845-இல் கோவைப் பகுதி அவர் பொறுப்பில் விடப்பட்டது. மறு ஆண்டு அக்டோபரில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது கோவையில் அன்று. அவிநாசி சாலையில் இருக்கும் கருமத்தம்பட்டியில். அன்றைக்குக் கொங்குக் கத்தோலிக்கரின் பழைய மையம் அதுதான். கோவை பிறகே மையமானது.

பிரெசிலாக்கின் முக்கியமான கொள்கை, இந்தியத் திருச்சபையை இந்தியக் குருக்களே நடத்த வேண்டும் என்பது. அதற்காக உள்ளூர் இளைஞர்களைக் குருக்களாகப் பயிற்றுவிப்பதில் ஊன்றி நின்றார். உடன் பணியாற்றிய ஐரோப்பியர் பலருக்கு இது பிடிக்கவில்லை. இன்னொரு சிக்கல் சாதி வழக்கங்கள். மதம் மாறியோரிடையே அவற்றை எவ்வளவு அனுமதிக்கலாம் என்ற ‘மலபார்ச் சடங்கு’ விவாதத்தில் அவருடைய மனச்சான்று அமைதி கொள்ளவில்லை. 1855-இல் பதவி விலகினார். 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையை நிறுவினார். 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் கால் வைத்தவர், ஆறு வாரத்துக்குள், ஜூன் 25 அன்று மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அவர் நிறுவிய சபை ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இன்றும் இயங்குகிறது. அந்த நாடுகளில் அவரை அறிந்தவர்கள் அளவுக்குப் பெரிய கடை வீதியில் அவரை அறிந்தவர்கள் இருப்பார்களா என்பது ஐயமே. கோவை 1886-இல் முழு மறைமாவட்டமானது.

கோனியம்மன், டவுன்ஹால், அத்தர் பள்ளிவாசல்

அதே வீதியில் மேலே சென்றால் கோனியம்மன் கோயில். ஊரின் காவல் தெய்வம். கோவன் வழிபட்டதாகச் சொல்லப்படும் அம்மன். மாசி மாதத் தேரோட்டத்தின்போது ராஜ வீதித் தேர்நிலைத் திடலிலிருந்து தேர் புறப்படும். அந்த நாள்களில் மட்டும் இந்த நடையைத் தள்ளிப் போடுங்கள். நடக்க இடம் இருக்காது. தேர் பார்க்கவே வருவதென்றால் வேறு கதை.

அருகில் இருப்பது விக்டோரியா டவுன்ஹால். 1892-இல் கட்டப்பட்டது. மாநகராட்சி மன்றக் கூட்டங்கள் இங்கேயே நடக்கின்றன. 1866-இல் நகராட்சியான கோவை 1981-இல் மாநகராட்சியானது. இந்தக் கட்டடத்துக்காக உழைத்தவர்களில் சே. ப. நரசிம்மலு நாயுடு (1854–1922) முதன்மையானவர். சேலத்துக்காரர், கோவையில் ‘கோயம்புத்தூர் கலாநிதி’ இதழை நடத்தினார், சிறுவாணித் தண்ணீரை நகருக்குக் கொண்டுவர வேண்டும் என்று தொடர்ந்து வாதாடினார். தமிழில் பயண நூல் எழுதிய முன்னோடிகளில் ஒருவர். வடநாடு முழுவதும் சுற்றி, கண்ட ஊர்களின் வரலாற்றையும் எழுதி வைத்தவர். இப்படியொரு நடைக்கு அவரைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

டவுன்ஹாலைச் சுற்றிய தெருக்களில் சற்று நேரம் செலவிடலாம். சுக்கிரவாரப்பேட்டை என்பது வெள்ளிக்கிழமைப் பேட்டை. தேவாங்கப்பேட்டை கன்னடம் பேசும் நெசவாளர் குடியேறிய இடம். இடையர் வீதி, வைசியாள் வீதி, தெலுங்குப் பிராமணர் வீதி ஆகியவற்றுக்கு விளக்கம் வேண்டாம். சலிவன் வீதி, 1815 முதல் 1830 வரை இங்கு கலெக்டராக இருந்து உதகமண்டலத்தை உருவாக்கிய ஜான் சலிவனின் பெயர் கொண்டது. நீலகிரி அப்போது கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. யார் யார், எந்த மொழிக்காரர், எந்தத் தொழிலுக்கு வந்து இந்த ஊரைக் கட்டினார்கள் என்பதற்கு இந்தப் பலகைகளே ஆவணம். ஒரு பலகை மாற்றப்படும்போது ஓர் ஆவணம் கிழிக்கப்படுகிறது என்றே நான் கருதுகிறேன். சாதிப் பெயர் கூடாது என்பாரின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. பெயரை மாற்றினாலும் பழைய பெயரை எங்கேனும் பொறித்து வைக்கலாமே.

ஒப்பணக்கார வீதியில் பொன்னிறக் குவிமாடத்துடன் தெரிவது அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல். அத்தர் வணிகம் செய்த ராவுத்தர் குடும்பங்கள் எழுப்பியது. 1860-இல் தொடங்கிய வேலை 1904-இல்தான் முடிந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள்! தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடிவைப் பார்த்திருப்பார்கள்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நெருக்கமான தெருக்களைப் பிளேக் நோய் தாக்கியது. பல பகுதிகளில் இன்றும் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்த அச்சத்தின் அடையாளம். மக்கள் வெளியே குடியேற, மேற்கில் இரத்தினசபாபதிபுரம், அதாவது ஆர்.எஸ்.புரம், உருவாயிற்று.

வெரைட்டி ஹால் சாலையில் நடை முடிகிறது. இரயில்வேயில் எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் திரைப்படக் கருவியை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். பிறகு 1914-இல் இங்கு நிரந்தரத் திரையரங்கு கட்டினார். அதன் பெயர்தான் சாலைக்கு. அங்கிருந்து இரயில் நிலையம் நடக்கும் தொலைவே. 1862-இல் முதன்மை இருப்புப்பாதை போத்தனூர் வழியே சென்றுவிட்டது. கோவை நகருக்கு இரயில் கிடைத்தது 1873-இல், மேட்டுப்பாளையம் கிளைப் பாதையால்தான்.

நடப்பவர்களுக்கு: காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் கோயில்கள் நண்பகலில் நடை சாத்தும் முன் பார்த்துவிடலாம். பள்ளிவாசலில் தொழுகை நேரம் தவிர்த்து, வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு உள்ளே செல்ல வேண்டும். ஞாயிறு காலை பேராலயத்தில் திருப்பலி உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒப்பணக்கார வீதிப் பக்கமே வர வேண்டாம்.