ஐம்பது ரூபாய்ப் பாஸ்: ஓர் இரங்கல்

2018 ஜனவரி 20 அன்று தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் ஏறியது. சென்னை மாநகரப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆனது. சாதாரண பஸ்ஸின் உச்சக் கட்டணம் 14 ரூபாயிலிருந்து 23 ரூபாய்க்குத் தாவியது. கல்லூரி மாணவர்கள் சாலைக்கு வந்தார்கள், எதிர்க்கட்சிகள் மறியல் செய்தன, அரசும் சில நாளில் கொஞ்சம் இறங்கி வந்தது. இந்த அமளிக்கு நடுவே ஐம்பது ரூபாய் நாள் பாஸ் செத்துப்போனது. கட்டணத்தில் சில்லறையைக் குறைத்தவர்கள் இதற்கு மட்டும் உயிர் கொடுக்கவில்லை.

‘விருப்பம் போல் பயணம்’ என்பது அதன் அரசாங்கப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "ஒரு அம்பது ரூபா பாஸ் குடுங்க" என்றால் போதும். ஏறிய முதல் பஸ்ஸில் கண்டக்டரிடமே வாங்கிக்கொள்ளலாம். போட்டோ வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம், கவுன்ட்டர் வரிசை வேண்டாம். அன்றைக்கு முழுக்க, ஏசி பஸ் தவிர, மாநகர பஸ் எதில் வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம், மறுபடி ஏறலாம். முப்பது ரூபாயாக இருந்து, 2011 நவம்பர் கட்டண உயர்வில் ஐம்பது ஆனது. மாதப் பாஸ் 600-லிருந்து 1,000 ஆனதும் அப்போதுதான். மாதப் பாஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. தம்பிதான் போய்விட்டான்.

இறந்தவரின் குணநலன்களில் முதலில் சொல்ல வேண்டியது, அவர் சில்லறைச் சண்டையை ஒழித்தவர் என்பது. சென்னை பஸ்ஸில் டிக்கெட் வாங்குவது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கண்டக்டர் பின்பக்கம் தன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். முன்பக்கம் தொங்குகிறவர் காசை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுப்பார். அது ஐந்தாறு கை மாறிக் கண்டக்டரிடம் போகும். டிக்கெட்டும் மீதியும் அதே வழியில் திரும்பி வரும், அல்லது மீதி மட்டும் வராது. "மூணு ரூபா பாக்கி" என்று கழுத்தைத் திருப்பிக் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கும் இடம் வந்துவிட்டால் அந்த மூன்று ரூபாய் கோவிந்தா. ஐம்பது ரூபாய்ப் பாஸுக்கு ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினால் கணக்கு முடிந்தது. அப்புறம் நாள் முழுக்க எந்தப் பஸ்ஸிலும் "பாஸ்!" என்று ஒரு குரல் கொடுத்தால் சரி. சந்தேகப்படுகிற கண்டக்டர், "எடுத்துக் காட்டுப்பா" என்பார். சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தால் போதும்.

இரண்டாவது குணம் போர்டு பார்க்கத் தேவையில்லாமல் செய்தது. வெள்ளை போர்டு என்றால் சாதாரணக் கட்டணம். எக்ஸ்பிரஸ் கூடுதல், டீலக்ஸ் அதைவிடக் கூடுதல். அம்பத்தூர் ஓ.டி.யிலோ ஆவடி நிலையத்திலோ நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வருகிற இரண்டு பஸ்ஸும் டீலக்ஸாக இருக்கும். மூன்றாவது வெள்ளை போர்டாக இருக்குமோ என்று நிற்போம். அரை மணி நேரம் கழித்து அது வரும், படிக்கட்டு வரை ஆட்களை அடைத்துக்கொண்டு. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க வெயிலில் நின்ற நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பாஸ் கையில் இருந்தவர் முதலில் வந்த டீலக்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து போனார்.

மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு இந்தப் பாஸ் மற்றவர்களைவிட அதிகம் உதவியதற்குக் காரணம் பூகோளம். மயிலாப்பூரில் இருப்பவர் கடற்கரைக்கு நடந்தே போவார். ஆவடிக்காரருக்கும் அம்பத்தூர்க்காரருக்கும் சென்ட்ரல் வரை மின்சார ரயில் உண்டு, அதற்கு மேல் பஸ்தான். பூந்தமல்லிக்கு அந்த ரயிலும் கிடையாது, பஸ் நிலையமே கதியாக இருந்தது. 53 பிடித்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாக சென்ட்ரல் பக்கம், 54 பிடித்தால் போரூர், கிண்டி, அண்ணா சாலை, 66 பிடித்தால் குன்றத்தூர், பல்லாவரம், தாம்பரம். எங்கே சுற்றிப் பார்க்கப் போனாலும் குறைந்தது இரண்டு பஸ், பெரும்பாலும் மூன்று.

இந்த ஊரில் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பினால், ‘டிக்கெட்’ என்ற செலவில் பெரும்பங்கு பஸ் டிக்கெட்டாகவே இருக்கும். மெரினாவுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. பெசன்ட் நகருக்கும் கிடையாது. எழும்பூர் அருங்காட்சியகமும் கிண்டி பாம்புப் பண்ணையும் கையைக் கடிக்காத இடங்களாக இருந்தவை. வெளிநாட்டு நகரங்களில் பல இடங்களுக்குச் சேர்த்து ஒரே சீட்டு விற்கிறார்கள், தனித்தனியாக வாங்குவதைவிட இவ்வளவு மிச்சம் என்று விளம்பரம் செய்கிறார்கள். நமக்கு அப்படி ஒரு சீட்டு இருந்தது. அதைத் தோல் பையில் வைத்து, விசில் ஊதிக்கொண்டே ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார்.

ஒரு சுற்றைச் சொல்கிறேன். பூந்தமல்லியில் காலையில் 54. கிண்டியில் இறங்கி இன்னொரு பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் போனால் சிறுவர் பூங்கா, பக்கத்திலேயே ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கி 1972 முதல் கிண்டியில் இருக்கும் பாம்புப் பண்ணை. மதியம் கட்டுச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு அடையாறு, அங்கிருந்து மெரினா. இருட்டிய பிறகு அண்ணா சதுக்கத்தில் 25ஜி ஏறினால் வடபழனி, போரூர் வழியாகப் பூந்தமல்லி. கணக்குப் பிள்ளைகள் இங்கே குறுக்கிடுவார்கள். அன்றைய கட்டணத்தில் எல்லாம் வெள்ளை போர்டாகவே கிடைத்திருந்தால் இந்தச் சுற்று ஐம்பது ரூபாயைத் தொட்டிருக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் எல்லாம் வெள்ளை போர்டாகக் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்ததில்லை. அதோடு, நடுவழியில் பையனுக்கு வயிற்றைப் புரட்டுகிறது, உடனே இறங்க வேண்டும் என்றால் கட்டணம் பார்த்தா இறங்குவது? இறங்கி, சோடா வாங்கிக் கொடுத்து, பத்து நிமிஷம் நிழலில் உட்கார்ந்து, அடுத்த வண்டியில் ஏறலாம். வழியில் ஏதாவது கடையில் தள்ளுபடிப் பலகை தெரிந்தால் மனைவி, "ஏங்க, ஒரு நிமிஷம் இறங்கிட்டுப் போலாமா?" என்று கேட்பார். கணவருக்கு மறுக்கக் காரணம் இருக்காது. அந்த ஒரு நிமிஷம் ஒரு மணி நேரம் ஆவது வேறு விஷயம்.

வண்டலூருக்கு வேறு கணக்கு. 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய மிருகக்காட்சி சாலை நகருக்குள் இடம் போதாமல் 1985-இல் வண்டலூர் போனது. மிருகங்களுக்கு நல்லதுதான். ஆவடியிலிருந்து குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அது பூந்தமல்லிக்கு ஒரு பஸ், தாம்பரத்துக்கு 66, அங்கிருந்து வண்டலூருக்கு இன்னொன்று. போக மூன்று, வர மூன்று. நாள் பாஸ் இங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஜெயித்தது. இப்போது வண்டலூரில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணமே 115-லிருந்து 200 ஆகிவிட்டது, 2023-இல் ஏற்றினார்கள். உள்ளே போகும் சீட்டு ஏறியது, ஊர் சுற்றும் சீட்டு இல்லாமலே போனது.

ஆடி மாதத்தைச் சொல்லாவிட்டால் இந்த இரங்கல் முழுமையாகாது. நம் பக்கத்துப் பெண்களுக்குச் சுற்றுலா என்பது பாதி கோயில்தான். திருவேற்காடு கருமாரி, மாங்காடு காமாட்சி, குன்றத்தூர் மலை மேல் முருகன். காலையில் திருவேற்காட்டில் தொடங்கிப் பூந்தமல்லி வந்து மாறினால், மாங்காடும் குன்றத்தூரும் ஒரே பாதையில் வந்துவிடும். நாலைந்து பெண்களாகச் சேர்ந்து, ஆளுக்கொரு பாஸ் எடுத்து, ஒவ்வொரு கோயிலிலும் கூழோ பொங்கலோ பிரசாதமாக வாங்கிச் சாப்பிட்டு, மாலை வீடு திரும்புவார்கள். நேரம் இருந்தால் திருநீர்மலையும் சேரும். தரிசனம் இலவசம், சாப்பாடு இலவசம், செலவு ஐம்பது ரூபாய். எந்த டிராவல்ஸ்காரரும் இந்தத் தொகையில் வேன் விட்டதில்லை.

சாவுக்குக் காரணம் என்ன? நேரடிக் காரணம் எளிய கணக்கு. உச்சக் கட்டணம் 14 ரூபாயாக இருக்கும்போது நான்கு முறை ஏறினால்தான் ஐம்பது தாண்டும். 23 ரூபாய் என்று அறிவித்த பிறகு மூன்றாவது முறையே தாண்டிவிடும். ஆகவே விலையை ஏற்றியிருக்க வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும். நிறுத்தினார்கள். ஒருவர் வாங்கி இன்னொருவர் கையில் கொடுத்துவிடுகிறார் என்ற பயமும் இப்படிப்பட்ட பாஸ் எல்லாவற்றுக்கும் உண்டு. காலையில் அண்ணன், மாலையில் தம்பி. நடந்திருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காகச் சீட்டையே ஒழிப்பது, திருடன் வருவான் என்று வீட்டைக் கட்டாமலே விடுவதற்குச் சமம்.

வாரிசுகள் இல்லாமல் இல்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எந்த நாள் பாஸையும்விடப் பெரிய விஷயம் அது, இரண்டையும் தராசில் வைக்கவே கூடாது. திருவேற்காடு, மாங்காடு சுற்றும் பெண்கள் இன்று ஐம்பது ரூபாயும் இல்லாமல் சுற்றுகிறார்கள், வெள்ளை போர்டு வந்தால். அறுபது தாண்டியவர்களுக்கு 2016 முதல் மாதம் பத்து டோக்கன். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாஸ். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் வாரம் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு, ஏழாவது நாள் குடும்பத்தோடு வெளியே வருகிற ஆண் எந்தப் பட்டியலிலும் இல்லை. எஸ்டேட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்து நடந்தோ சைக்கிளிலோ வேலைக்குப் போகிறவருக்கு 1,000 ரூபாய் மாதப் பாஸ் எதற்கு? இலவசப் பயணம் குடும்பத்தை மறுபடி போர்டு பார்க்கவும் வைத்திருக்கிறது. டீலக்ஸ் வந்தால் அம்மாவுக்கும் காசு, வெள்ளை போர்டு வந்தால் அப்பாவுக்கு மட்டும். அதனால் எல்லோரும் சேர்ந்து வெள்ளை போர்டுக்கு நிற்கிறார்கள். மெட்ரோவில் 100 ரூபாய்க்கு ஒரு நாள் முழுக்கச் சுற்றும் சுற்றுலா அட்டை கொண்டுவந்தார்கள். நல்ல அட்டை. அதை வாங்க அம்பத்தூர்க்காரர் முதலில் திருமங்கலம் வரை பஸ்ஸிலோ சென்ட்ரல் வரை ரயிலிலோ வர வேண்டியிருந்தது.

பக்கத்து ஊர்க்காரர்கள் இதைச் சாக விடவில்லை. பெங்களூருவில் 2025 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றியபோது நாள் பாஸை 70-லிருந்து 80 ரூபாய் ஆக்கினார்கள், நிறுத்தவில்லை. ஹைதராபாத்தில் ‘டி-24’ என்று இருபத்து நான்கு மணி நேரச் சீட்டு விற்கிறார்கள். லண்டனில் 2005 முதல் ஆய்ஸ்டர் அட்டையில் நாள் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட தொகை வரை தட்டத் தட்டக் காசு போகும், அதைத் தாண்டினால் அன்றைக்கு எத்தனை முறை ஏறினாலும் ஒரு பைசா போகாது. பாஸ் வாங்கலாமா வேண்டாமா என்று காலையிலேயே கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

சென்னையில் இதற்கு வேண்டிய கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. சிங்காரச் சென்னை அட்டை 2025 ஜனவரி முதல் மாநகர பஸ்ஸில் செல்லும். அதே ஆண்டு செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து ‘சென்னை ஒன்’ செயலியைத் தொடங்கிவைத்தார்கள். ஏசி பஸ்ஸும் சேர்த்து 2,000 ரூபாய்க்கு மாதப் பாஸும் வந்திருக்கிறது. மாதக் கணக்கில் யோசிக்கிறவர்கள் ஒரு நாளைக்கும் யோசிக்கலாம். அட்டை அவரவர் பேரில் இருப்பதால் அண்ணன் தம்பி பயமும் பாதி தீரும்.

மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். நாள் பாஸைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஐம்பது ரூபாய்க்குக் கேட்கவில்லை. நூறு வையுங்கள், கொடுக்கிறோம். எல்லா நாளும் முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை, காணும் பொங்கல், கோடை விடுமுறை மட்டுமாவது கொடுங்கள். அட்டையிலும் செயலியிலும் வரட்டும், ஆனால் போனில் சார்ஜ் இல்லாதவருக்கும் அட்டை இல்லாத வெளியூர்க்காரருக்கும் பழையபடி கண்டக்டர் கையிலேயே கிடைக்க வேண்டும்.