வீட்டுத் தோட்டம்: செங்கல்பட்டில் எப்போ விதை போடணும்? மார்ச்சா, தையா?

வெளிநாட்டுத் தோட்ட வீடியோக்களைப் பார்த்துட்டு, மார்ச் கடைசியில் விதை போடுபவரா நீங்கள்? செங்கல்பட்டுக்கு அந்தக் கணக்கு சரிவராது. அங்கே உறைபனி முடிந்தால்தான் விதைப்பு. இங்கே வெயிலும் வடகிழக்குப் பருவமழையும்தான் நாள் குறிக்கின்றன.

தைப்பட்டம்: வெண்டை சுமார் 45 நாளில் காய்க்கும். ஜனவரி நடுவில் போட்டால் மார்ச் தொடக்கத்தில் பறிக்கலாம். மார்ச் கடைசியில் போட்டால், முதல் காய் வர்றதுக்குள்ள மே 4-ஐ ஒட்டி அக்னி நட்சத்திரம் வந்துவிடும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தக்காளிப் பூக்களும் உதிரத் தொடங்கும்.

ஆடிப்பட்டம்: 'ஆடிப்பட்டம் தேடி விதை'ன்னு பெரியவங்க சும்மா சொல்லலை. ஜூலை நடுவில் விதைத்த வெண்டையை, அக்டோபர் பிற்பகுதியில் வடகிழக்கு மழை தொடங்கும் முன்பே பெரும்பாலும் பறித்து முடித்துவிடலாம்.

கடலோரத்தில் என்ன வித்தியாசம்? மாமல்லபுரம் பக்கம் மணல் மண், தண்ணி நிக்காது. மட்கிய உரம், தென்னை நார்க்கழிவு கலந்துக்கணும். காற்றையும் கணக்கில் எடுக்கணும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாடித் தொட்டிகளைச் சுவர் ஓரமாக இறக்கி வைப்பது நல்லது.

மார்ச் விதைப்பே தப்பா? இல்லை, ஊட்டி போன்ற மலைப்பகுதிகளில் மார்ச், ஏப்ரலில் உருளைக்கிழங்கு நடுவார்கள். நம்ம சமவெளிக்குத்தான் அது ஒத்துவராது.

தையைத் தவறவிட்டுட்டீங்களா? விதையை ஈரம் படாமல் வைத்திருந்து ஆடியில் போடுங்க.