படத்துக்குக் கீழே பெயர் இல்லை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்டிருக்கிறேன்.

போன கிழமை தரம் 10 மாணவி ஒருவர் போனில் ஒரு பழைய தபால் அட்டையின் படத்தைக் காட்டினார். கூடை சுமந்த நான்கு பெண்கள், பின்னால் மலைச்சரிவு. "சேர், இது எங்க தோட்டமா?" என்று கேட்டார். உற்றுப் பார்த்தேன். தேயிலை பறிப்போர், இலங்கை என்று ஆங்கிலத்தில் கீழே போட்டிருந்தது. தோட்டத்தின் பெயர் இல்லை, அந்தப் பெண்களின் பெயர்களும் இல்லை. ஆனால் அட்டையை வெளியிட்ட கம்பனியின் பெயர் ஓரத்தில் தெளிவாக அச்சாகியிருந்தது.

பிள்ளையின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட அட்டைகள் எப்படி உண்டாயின, ஏன் அவற்றில் நம்மவர் பெயர் இல்லை என்பதைச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். புகைப்படம் வேறு, அச்சுப்படம் வேறு. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ஒரு படம் எடுத்தால், ஒவ்வொரு பிரதியையும் வெள்ளி உப்புப் பூசிய தாளில் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும். செலவு அதிகம், நேரமும் பிடிக்கும், காலப்போக்கில் படம் மங்கியும் போகும். அச்சு மையில் அடித்த படம் அப்படி மங்காது. ஒரு தகடு செய்துவிட்டால் அதிலிருந்து நிறையப் பிரதிகள் எடுக்கலாம். ஆகவே கமரா பிடித்த படத்தை அச்சுத் தகட்டுக்குள் கொண்டுவருவது எப்படி என்பதில் 19ஆம் நூற்றாண்டில் பலர் மண்டையை உடைத்தார்கள்.

வழி திறந்தவர் இங்கிலாந்தின் ஃபொக்ஸ் டால்பொட். ஜெலட்டினில் பொட்டாசியம் டைகுரோமேட் கலந்து காயவைத்தால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும், படாத இடம் வெந்நீரில் கரைந்துவிடும் என்பதை அவர் 1852இல் பயன்படுத்திக் காட்டினார். 1879இல் வியன்னாவில் கார்ல் கிளிச் என்பவர் அதையே செப்புத் தகட்டில் செம்மைப்படுத்தினார். தகட்டில் நுண்ணிய குங்கிலியத் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைப்பார்கள். படம் பதிந்த ஜெலட்டின் தாளை அதன் மேல் ஒட்டிக் கழுவுவார்கள். பிறகு இரும்புக் குளோரைட்டுக் கரைசலில் தகட்டை அரிக்க விடுவார்கள். படத்தில் இருள் கூடிய இடத்தில் பள்ளம் ஆழமாகும், மையும் அங்கேதான் கூடத் தங்கும். ஈரத்தாளை வைத்து உருளையால் அழுத்தி எடுத்தால் புகைப்படம் மைப்படமாகிவிடும். இதற்கு ஃபோட்டோகிராவூர் என்று பெயர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பில் அரசாங்க அச்சகராக இருந்தவர் வில்லியம் ஸ்கீன். அவர் 1860இல் ஒரு படப்பிடிப்பு ஸ்டூடியோவை மகனுக்காக வாங்கினார். அதுதான் பிறகு ஸ்கீன் கம்பனி என்று பெயர் எடுத்தது. அப்பா அச்சுக்காரர், மகன் கமராக்காரர். நம் நாட்டில் அச்சும் புகைப்படமும் ஒரே குடும்பத்துக்குள் சந்தித்தன என்று சொல்லலாம். நாம் பாவா ஆதம் மலை என்றும் சிவனொளிபாத மலை என்றும் சொல்கிற மலையைப் பற்றி 1870இல் ஒரு முழுப் புத்தகம் எழுதியவரும் இந்த அப்பா ஸ்கீன்தான். 1890இல் பிளாட்டே கம்பனி தொடங்கியது. தபால் அட்டை என்றால் பிளாட்டே என்னும் அளவுக்கு அது வளர்ந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் ஹென்றி கேவ். கொழும்பில் புத்தக வியாபாரமும் அச்சு வேலையும் செய்தவர். கமராவைத் தூக்கிக்கொண்டு நாடெல்லாம் அலைந்தவர். 1893 முதல் 1895 வரை அவர் மூன்று பாகங்களில் ஒரு புத்தகம் வெளியிட்டார். முதலாவது கொழும்பும் களனிப் பள்ளத்தாக்கும், இரண்டாவது கண்டியும் பேராதனையும், மூன்றாவது நுவரெலியாவும் பாவா ஆதம் மலையும். 1897இல் அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற பாழடைந்த நகரங்களைப் பற்றி இன்னொன்று. 1900இல் இலங்கைத் தேயிலைக்கென்றே தனிப் புத்தகம் ஒன்று. புகையிரதப் பாதை நானுஓயாவரை வந்து 15 வருடங்கள்தான் ஆகியிருந்த காலம் அது.

உண்மையைச் சொன்னால் அவை அழகான படங்கள். மூடுபனியும் மலையும் நிழலும் மையில் அவ்வளவு மென்மையாக இறங்கியிருக்கும். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவை யாருக்காக அச்சானவை என்பதையும் பார்க்க வேண்டும். கப்பலில் வரும் பயணிக்கும், லண்டனில் தேயிலை வாங்குகிறவருக்கும், பணம் போடும் பங்குதாரருக்கும்தான் அவை அச்சாயின. அந்தப் படங்களில் கட்டடத்துக்குப் பெயர் உண்டு, அருவிக்குப் பெயர் உண்டு, துரையின் பங்களாவுக்கும் பெயர் உண்டு. மனிதர்கள் வரும்போது தமிழ்க் கூலி, கொழுந்து பறிக்கும் பெண் என்று இனமும் தொழிலும் மட்டும் எழுதப்பட்டன. எங்கள் ஆட்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். தொப்பி போட்ட ஒரு வியாபாரியின் படத்துக்குக் கீழே சோனகர் என்று மட்டும் இருக்கும். அவர் யாருடைய வாப்பா, எந்த ஊர்க் கடைக்காரர் என்று கேட்க யாரும் இல்லை.

அந்த நேரம் நம் பக்கத்திலும் அச்சு இருந்ததா? இருந்தது, ஆனால் பெரும்பாலும் எழுத்து அச்சு. கோ. நடேசய்யர் தோட்டத்து நிலைமையைப் பார்க்கப் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வெளியாள் உள்ளே நுழைய முடியாத காலத்தில் புடவை மூட்டைக்குத்தான் வழி விட்டார்கள். மூட்டை சுமந்து லயம் லயமாக ஏறி இறங்கிய எங்கள் மூத்தவர்களுக்கும் அந்த வழி நன்றாகத் தெரியும். நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார். பத்திரிகையும் பாட்டும் அச்சடித்துக் கொடுத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டு எழுதித் தோட்டங்களில் பாடினார். ஆக நம் துயரத்தை நம்மவர்கள் எழுத்தில் அச்சேற்றினார்கள். நம் முகத்தை அச்சேற்றும் வசதி மட்டும் கொழும்புக் கம்பனிகளின் கையில் இருந்தது.

இந்த இடத்தில் லயனல் வென்ட்டையும் சொல்ல வேண்டும். 1900இல் கொழும்பில் பிறந்தவர், சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர். இருட்டறையில் இரண்டு மூன்று நெகட்டிவ்களை ஒரே தாளில் சேர்ப்பது, பாதி கழுவிய படத்தில் திரும்ப வெளிச்சம் அடிப்பது என்று எத்தனையோ வித்தைகள் செய்து பார்த்தார். கமரா தந்ததை அப்படியே எடுக்க வேண்டியதில்லை, படத்தைக் கையாலும் ஆக்கலாம் என்று இந்த நாட்டில் காட்டியவர் அவர். 1934இல் வந்த சோங் ஒஃப் சிலோன் என்ற ஆவணப் படத்தில் கேட்பது அவர் குரல்தான். அந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. எங்கே சுற்றினாலும் கதை தேயிலையிடம்தான் வந்து நிற்கிறது, பார்த்தீர்களா!

சரி, நம்மவர் முகமும் பெயரும் ஒரே தாளில் எப்போது சேர்ந்தன? எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அதற்குப் பதில் ஒன்றுதான். 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று இரண்டு அரசாங்கமும் கணக்குப் போட்டன. போகிறவருக்குப் பாஸ்போட் வேண்டும், பாஸ்போட்டுக்குப் படம் வேண்டும். நல்ல சேலை கட்டி, தலை வாரி, ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தார்கள். தாத்தா பாட்டியின் ஒரே படம் அதுதான் என்று சொல்கிற குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. ஐம்பது அறுபது வருடங்கள் பெயரில்லாமல் தபால் அட்டைகளில் நின்ற மக்கள். அவர்கள் முகத்தோடு பெயரையும் சேர்த்து எழுதியபோது, அது நாட்டை விட்டு அனுப்புவதற்காக எழுதியதாக இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

இது பழைய கதைதானே என்று விட்டுவிட முடியாது. நம் கண்முன்னாலேயே ஒரு நகரம் மாறிப்போனது. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. 150 மெகாவொட் மின்சாரம் நாட்டுக்குக் கிடைத்தது. பழைய தலவாக்கலையின் ஒரு பகுதி நீர்த்தேக்கத்துக்காகப் போனது. வீடுகளையும் கடைகளையும் மேட்டுக்கு மாற்றினார்கள். இன்று நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அந்தப் பழைய தெருவில் நடந்ததே இல்லை. அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர், முடி வெட்டியவர், தையல் மெஷின் மிதித்தவர் யார் யார் என்று சொல்லக்கூடியவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். லயங்களும் அப்படித்தான். பழைய லயம் உடைந்து புதிய வீடு வருவது நல்ல விடயம். ஆனால் உடைவதற்கு முன் அதை ஒரு படமாவது எடுத்து வைக்கிறோமா?

இனி நம்பிக்கை தரும் விடயம். கேவ் காலத்தில் ஃபோட்டோகிராவூர் தகடு செய்வதற்குப் பெரிய முதல் வேண்டும். இன்று கலியாணக் கார்ட், டீசேர்ட், பெனர் அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்ட் கடைகள் நம் சுற்றுவட்டாரத்திலும் உண்டு. அங்கே நடப்பதும் டால்பொட் காட்டிய அதே வித்தைதான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியில் ஒரு பசையைப் பூசிக் காயவைக்கிறார்கள். ஒளிபுகும் தாளில் எடுத்த கறுப்புப் படத்தை அதன் மேல் வைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கழுவுப்படும். அந்தத் துளைகள் வழியாக மையை இறப்பர்ப் பட்டையால் இழுத்தால் படம் தாளில் விழும். 1962இல் அமெரிக்காவில் அண்டி வார்ஹோல், ராபர்ட் ரவுஷன்பர்க் போன்றவர்கள் கடைக்காரரின் இந்தத் தொழில்முறையை எடுத்துத்தான் புகைப்படத்தைப் பெரிய ஓவியமாக்கினார்கள். நியூயோர்க் தெருக்களின் படங்கள் ரவுஷன்பர்க்கின் துணிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. நியூயோர்க்கின் தெருவுக்கு அந்தத் தகுதி இருந்தால் லிந்துலைக் கடைத்தெருவுக்கும் இருக்கிறது.

சித்திரப் பாடப் பிள்ளைகளோடு சிறிதாகத் தொடங்கியிருக்கிறோம். ஸ்கிரீன் வாங்க வழியில்லாதபோது போனில் எடுத்த படத்தைப் போட்டோகொப்பி எடுத்து, காபன் தாள் வைத்துப் பழைய இறப்பர் செருப்பின் அடியில் கோடு இழுத்து, பிளேடால் வெட்டி அச்சடிக்கிறோம். வெட்டும்போது நான் பக்கத்தில் நிற்பேன், பெற்றோர் பயப்பட வேண்டாம். டைகுரோமேட் நஞ்சு என்பதால் அதை வகுப்புக்குள் எடுப்பதில்லை. ஸ்கிரீன் செய்யும் நாள் வந்தால் அது கலக்காத பசைகள் இப்போது கிடைக்கின்றன. அதைத்தான் வாங்குவோம்.

ஒரு பையன் சொன்ன யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. பழைய தலவாக்கலைத் தெருவின் படத்தைக் கறுப்பில் அடிப்பது. இன்றைய நீர்த்தேக்கத்தைப் போனில் எடுத்து, மெல்லிய நீலத்தில் அதன் மேல் அடிப்பது. தண்ணீருக்கு அடியில் தெரு தெரியும். அந்தப் படத்துக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டியதில்லை.

சில வீடுகளில் உருவப் படம் பற்றி மார்க்கம் சார்ந்த தயக்கம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஆலிம்களிடமும் இதில் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்து இருக்கிறது. அதனால் பிள்ளைகளை நான் வற்புறுத்துவதில்லை. பள்ளிவாசல் மினாரா, கோயில் கோபுரம், கடைப் பலகை, லயத்துக் கூரை, பஸ் தரிப்பிடம் என்று முகம் இல்லாமலே ஒரு ஊரை முழுதாகக் காட்டலாம். முகம் வரும் படம் என்றால் எங்கள் வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். அந்த ஆளிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் சம்மதித்தால் படத்துக்குக் கீழே அவர் சொல்கிறபடியே பெயரை எழுத வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண் என்று எழுதினால் புள்ளி இல்லை.

இனி உங்களிடம் கேட்கும் உதவி. வீட்டு அல்மாரியில், டிரங்குப் பெட்டியில், பழைய டயறிக்குள் இருக்கும் படங்களை இந்த விடுமுறையில் வெளியே எடுங்கள். பழைய தலவாக்கலை, லிந்துலை பஜார், தோட்டத்துத் திருவிழா, பிரட்டுக் களம், மீலாத் விழா, பாடசாலைப் பரிசளிப்பு, எதுவானாலும் பரவாயில்லை. வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, யார், எந்த இடம், எந்த வருடம் என்று கேளுங்கள். படத்தின் பின்பக்கத்தில் மெதுவான பென்சிலால் எழுதுங்கள். போல்பொயின்ட் பேனை வேண்டாம், அது முன்பக்கம் தடம் பதிக்கும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், போனில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அனுப்ப விரும்புகிறவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். மூலப் படம் பத்திரமாகத் திரும்பி வரும், அது என் பொறுப்பு.

இன்ஷா அல்லாஹ், வருட முடிவில் பிள்ளைகளின் அச்சுப் படங்களைப் பாடசாலையில் சுவரில் மாட்டுவோம். நீங்கள் வந்து பார்க்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்த நான்கு பெண்களின் பெயர் நமக்கு இனிக் கிடைக்காமல் போகலாம். அவர்களின் பேத்திமாரின் பெயராவது தவறிப்போகக் கூடாது.

எங்கள் தெரு, எங்கள் தோட்டம் என்று உங்களுக்கு ஞாபகம் இருப்பதைக் கீழே எழுதுங்கள். ஒரு கடையின் பெயராக இருந்தாலும் போதும்.