உப்பு புகுந்த வயல்கள்

சுனாமி என்றதும் மீனவர் குப்பங்கள்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது நாகப்பட்டினத்துக் கரையோர வயல்களைப் பற்றி.

2004 டிசம்பர் 26 அன்று சம்பா வயலில் நின்றது. கடல்நீர் புகுந்த இடமெல்லாம் பயிர் கருகியது. வேரைச் சுற்றித் தண்ணீர் இருந்தும் உப்பு மிகுந்தால் வேர் அதை உறிஞ்ச முடியாது. இலை நுனி காயும். பூக்கும் பருவமானால் கதிர் பதராகும். நாற்றுப் பருவமும் நெல்லுக்கு அப்படித்தான், கண்டம்.

இனி விளையுமா என்றே பலரும் அஞ்சினார்கள். படிந்த சேற்றை வழித்தார்கள். நல்ல நீரைத் தேக்கி வடித்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். நம்மாழ்வாரும் உடன் நின்று வழிகாட்டினார். உப்பைத் தாங்கும் குழியடிச்சான் நெல்லின் பெயர் மறுபடி காதில் விழுந்தது. ஆனாலும் பெரிய வேலை செய்தது, என் கணக்கில், 2005-இல் கொட்டித் தீர்த்த ஐப்பசி கார்த்திகை மழைதான்.