குழப்படி, குறைபாடு, வரம்: ஒரே பிள்ளைக்கு எத்தனை பெயர்கள்?

போன கிழமை ஒரு உம்மா எங்களிடம் வந்து கேட்டார்: "சேர், ஏடிஎச்டி ஒரு வரம் என்று ஃபோனில் பார்த்தேன். அப்போ மகனை டொக்டரிடம் காட்டத் தேவையில்லைதானே?"

கவனம் ஓரிடத்தில் நிற்காது, கைகால் சும்மா இருக்காது, நினைத்ததும் செய்துவிடுவது. இதைத்தான் ஏடிஎச்டி என்கிறார்கள். நாங்கள் இத்தனை காலமும் தேர்ச்சி அறிக்கையில் "குழப்படி" என்று எழுதி முடித்துவிட்டோம். இப்போது "வரம்" என்கிறார்கள். இந்தப் பெயர்கள் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம்.

1798இல் ஸ்கொட்லாந்து வைத்தியர் அலெக்சாண்டர் கிரைட்டன், கவனம் நிலைக்காத தன்மை சிலருக்குப் பிறவியிலேயே இருக்கலாம் என்று எழுதினார். அதனால் பிள்ளைகள் பாடத்தில் ஊன்ற முடியாமல் போகும், வயதோடு அது பெரும்பாலும் குறையும் என்றார். பிள்ளையைக் குற்றம் சொல்லவில்லை.

1902இல் லண்டனில் வைத்தியர் ஜோர்ஜ் ஸ்டில் 43 பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். அறிவில் குறை இல்லாத பிள்ளைகளிடமும் இதைக் கண்டார். ஆனால் அவர் வைத்த பெயர் "ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறைபாடு". பெயரிலேயே பழி ஒட்டிக்கொண்டது.

1937இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் பிராட்லி 30 பிள்ளைகளுக்கு பென்செட்ரின் என்ற மருந்து கொடுத்துப் பார்த்தார். அவர்களில் 14 பேர் படிப்பில் வியக்கத்தக்க அளவு முன்னேறினார்கள். ஒழுக்கம்தான் பிரச்சினை என்றால் ஒரு மாத்திரை எப்படி உதவும்? 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதைக் "கவனக் குறைபாடு" என்றது. ஏடிஎச்டி என்ற பெயர் 1987இல் வந்தது.

"குறை" என்றே கேட்டு வளர்ந்தவர்களுக்கு மறுபக்கமும் தேவைப்பட்டது. 1993இல் தொம் ஹார்ட்மன் என்ற எழுத்தாளர், இவர்கள் விவசாயிகளின் உலகில் பிறந்துவிட்ட வேட்டைக்காரர்கள் என்றார். கேட்க ஆறுதலாக இருந்தது. ஆனால் அது ஒரு உவமை, மருத்துவ முடிவு அல்ல.

2008இல் கென்யாவின் அரியால் மக்களிடையே ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏடிஎச்டியோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு மரபணு வகை உள்ள ஆண்களில், கால்நடைகளோடு இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் நல்ல உடல்நிலையில் இருந்தார்கள். ஊரில் நிலையாகக் குடியிருந்தவர்கள் மெலிந்திருந்தார்கள். ஒரே இயல்பு ஓரிடத்தில் பலம், வேறிடத்தில் சுமை.

எங்கள் பிள்ளைகள் வாழும் இடம் வகுப்பறைப் பாடவேளை. அங்கே அது பெரும்பாலும் சுமைதான். "வரம்" என்று சொல்லி விட்டுவிட்டால் அந்தச் சுமையைப் பிள்ளை தனியாகத்தான் தூக்க வேண்டும்.

அந்த உம்மாவிடம் சொன்னோம்: "மகன் கெட்டிக்காரன்தான். அவனிடம் வேகம் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது. ஆனாலும் டொக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். உதவி கேட்பது அவனைக் குறை சொல்வதாகாது."

எங்கள் பங்கும் இருக்கிறது. முன்வரிசையில் இருத்துவோம். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுப்போம். கொப்பி பகிரும் பொறுப்பை அவனிடமே கொடுத்து எழுந்து நடக்க விடுவோம். அடுத்த தவணை அறிக்கையில் "குழப்படி" என்று எழுத முன் ஒரு நிமிடம் யோசிப்போம். பிள்ளைகள் எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.