வினிகர் தோற்றதும் ஜெயித்ததும்

1747-ல் சாலிஸ்பரி என்ற ஆங்கிலேயக் கப்பலில் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர். ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும், இன்னொரு ஜோடிக்கு வினிகர். பழம் தின்றவர்கள் ஒரு வாரத்துக்குள் தேறினார்கள், வினிகர் தோற்றது. வைத்தியத்தை ஒப்பிட்டுப் பார்த்து நம்பும் பழக்கம் அப்படித்தான் கடலில் சூடு பிடித்தது. ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட 1795 ஆகிவிட்டது!

நம் பக்கம் அப்படி ஒரு ஒப்பீடு பிரம்மாண்டமாகத் தொடங்கியது 1968-ல், செங்கல்பட்டு மாவட்டத்தில். இரண்டரை லட்சம் பேருக்கும் மேல் வைத்து பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோயைத் தடுப்பதால் இன்றும் போடுகிறோம். ஒரே ஊசிக்கு இரண்டு தீர்ப்பு.

1979-ல் கனடாவின் நிபுணர் குழு, ஆதாரங்களுக்குத் தரவரிசை போட்டு, வருஷா வருஷம் முழு உடம்பையும் சோதிப்பதைக் கைவிடச் சொன்னது. 1984-ல் அமெரிக்கா அதே பாணியில் தனக்கும் ஒரு குழு அமைத்தது. நாமோ ‘மாஸ்டர் செக்கப்’புக்குத் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 1990-களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்டன் கயாட், ஆதாரத்தை எடைபோடுவதையே பயிற்சி மருத்துவர்களுக்குப் பாடமாக்கினார்.

வினிகர் திரும்பி வந்தது திண்டுக்கல் மாவட்டத்தில், 2000-ல். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் (வினிகரும் அதுதான்) தடவினால் கோளாறான இடம் ஓரிரு நிமிடத்தில் வெளுக்கும். பயிற்சி பெற்ற நர்ஸே கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த இந்த ஆய்வு 2007-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைவு.

பயிற்சி டாக்டருக்குப் பரீட்சை, இந்த எண்ணைப் புரியவைப்பதில்தான். அச்சங்குளம் பட்டாசு ஆலையில் திரி வெட்டும் அக்கா ஒருவர், “ஒரு நாள் கூலியை விட்டுட்டு வரணுமா டாக்டரம்மா?” என்று கேட்டால், 35 சதவீதம் என்பது பதிலாகாது. லட்சம் பெண்களைச் சோதித்தால் ஆண்டுக்குச் சுமார் 20 உயிர் பிழைக்கும் என்று சொன்னால் அவரே யோசித்து முடிவெடுப்பார். கூலி போகாத நாளில் சோதிக்க ஏற்பாடு செய்வது டாக்டரின் வேலை.

என் முடிவைக் கேட்டால், எல்லாவற்றையும் சோதிக்கும் பேக்கேஜுக்கு அவசரப்பட வேண்டாம். முப்பதைத் தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வினிகர் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.